டைட்டானியம் கத்திப் பிடியில் விழும் பளபளப்புக் கோடுகளும் பிளாஸ்டிங் வேலையும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டைட்டானியம் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வாங்கினீர்கள். வந்தபோது பிடி முழுக்க ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம். சாவிக்கொத்தோடு சேர்த்து பாக்கெட்டில் போட்டு இரண்டு வாரம் திரிந்ததில், நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பளபளப்பான கோடுகள் விழுந்துவிட்டன. மறுபடி பிளாஸ்டிங் செய்து, அதாவது காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சி அடித்து, பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா, எந்தத் துகள், எவ்வளவு அழுத்தம், பக்கத்தில் இருக்கும் பட்டறையில் கொடுக்கலாமா என்பது கேள்வி.

முடியும். ஆனால் பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தக் கோடுகள் மேல் நன்றாக அழுத்தித் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் வைத்துக் கழுவித் துடைத்துப் பாருங்கள். கோடுகளில் பாதிக்கு மேல் காணாமல் போகலாம். போய்விட்டால் அவை கீறல்களே இல்லை.

நகைக்கடை உரைகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான கருங்கல்லில் தங்கத்தை இழுத்தால் கல்லில் கீறல் விழுவதில்லை, தங்கம்தான் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்ட் செய்த டைட்டானியமும் ஓர் உரைகல்தான். பெரும்பாலான கத்திப் பிடிகள் கிரேடு 5 எனப்படும் கலவையில் செய்யப்படுகின்றன: 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி ஏறக்குறைய எல்லாம் டைட்டானியம். இதன் கடினம் ராக்வெல் சி அளவில் 36 பக்கம். பித்தளைச் சாவியும் ரூபாய் நாணயமும் இதைவிட மென்மையானவை. அவை பிடியில் உரசும்போது தங்கள் உலோகத்தைத்தான் அதன்மேல் விட்டுச் செல்கின்றன. ரப்பர் வழித்தெடுப்பது அந்தப் படிவைத்தான்.

ரப்பருக்கும் சோப்புக்கும் அசையாத கோடுகள் வேறு வகை. கத்தியின் எஃகோ, கான்கிரீட் தரையோ, பாக்கெட்டில் கிடந்த மணல் துகளோ பிடியை உரசி அதன் மேடுகளை நசுக்கிய இடங்கள் அவை. இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கிவிடும். பிளாஸ்ட் பூச்சு என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம், ஆனால் அது பூச்சு அல்ல. மேலே எதுவும் பூசப்படவில்லை. உலோகத்தின் முகத்தையே லட்சக்கணக்கான சின்னக் குழிகளாக ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மி கொத்துவது மாதிரி. கொத்திய புதிதில் அம்மி முழுக்கப் பொரிபொரியாக இருக்கும். அரைக்க அரைக்க நடுப்பகுதி மழுங்கி வழவழப்பாகும். உங்கள் பிடியில் பளபளப்பது மழுங்கிய இடம். அதற்குப் பெயின்ட் டச்சப் மாதிரி எதுவும் கிடையாது. மறுபடி கொத்துவது ஒன்றே வழி.

விரல் அழுக்கு பிளாஸ்ட் பிடியில் பளிச்சென்று தெரிவதற்கும் காரணம் இதுதான். மேடு பள்ளம் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால்தான் மங்கல் தோற்றம் வருகிறது. விரலின் எண்ணெய் பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து அந்த இடம் கருமையாகத் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் மறையும், அடுத்த முறை கையில் எடுத்ததும் திரும்ப வரும். புதுப் பிடி வைத்திருப்பவர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். சில மாதம் பயன்படுத்தினால் மேடுகளின் நுனி கொஞ்சம் தேய்ந்து, இந்தத் தொல்லை தானாகவே குறையும்.

இந்த மங்கல் சாம்பல் நிறம் கத்தி உலகில் இவ்வளவு பரவியதில் கிறிஸ் ரீவ் பட்டறைக்குப் பெரிய பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அவருடைய செபென்சா கத்தியில் பிடியின் ஒரு பக்கத் தகடே வளைந்து வந்து அலகைப் பூட்டும். ஃபிரேம் லாக் என்பது இதுதான். செபென்சா என்பது ஜூலு மொழியில் வேலை என்று பொருள்படும் சொல். அதற்கு முன்பே மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் 1980-களின் தொடக்கத்தில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து அலகைப் பூட்டும் லைனர் லாக் முறையைச் செம்மைப்படுத்தி, அந்த உள்தகட்டுக்கு டைட்டானியத்தைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். வளைந்து மீளும் குணமும், துருப்பிடிக்காத தன்மையும், எஃகில் பாதிக்குச் சற்று மேலான எடையும் சேர்ந்ததால் இந்த வேலைக்கு டைட்டானியம் பொருந்திப்போனது. வேலைக்கான கத்தி என்று சொல்லி விற்றதற்குக் கண்ணாடி மெருகு ஒத்துவராது. கையில் வழுக்காத, வெயிலில் கண்ணைக் கூசாத மங்கல் முகம் அதற்கு இயல்பாகப் பொருந்தியது.

சரி, துகளுக்கு வருவோம். குழப்பமெல்லாம் இங்கேதான்.

கத்தி வேலையில் இரண்டு துகள்கள் முக்கியம்: அலுமினியம் ஆக்சைடு, கிளாஸ் பீட். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் போட்டு ஒரே மாதிரி பீய்ச்சலாம், ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. அலுமினியம் ஆக்சைடு கூர்மையான முனைகள் உள்ள துகள். மோஸ் கடினத்தில் 9, வைரத்துக்கு ஒரு படி கீழே. அது உளி மாதிரி. விழும் இடத்தில் உலோகத்தைச் செதுக்கி எடுக்கும். கிடைப்பது அடர்ந்த சாம்பல், துளியும் மினுமினுப்பில்லாத, கையில் சற்றே பிடிக்கிற முகம். கிளாஸ் பீட் உருண்டையான கண்ணாடி மணி. அது உருண்டைத் தலைச் சுத்தியல் மாதிரி. செதுக்காது, அடித்து அமுக்கும். செம்புக் குடத்தில் சுத்தியல் தடம் தெரியுமே, அதை மைக்ரான் அளவுக்குச் சுருக்கினால் கிளாஸ் பீட் முகம். நிறம் வெளிறி, வெள்ளி மாதிரி இளம் மினுமினுப்போடு, தொட்டால் வழவழப்பாக இருக்கும்.

எது நல்லது என்று கேட்டால், அலுமினியம் ஆக்சைடு மட்டும் போட்ட முகம்தான் கோடுகளை அதிகம் காட்டும் என்பேன். அதன் மேடுகள் கூரானவை, எளிதில் நசுங்கும், உரைகல் வேலையும் நன்றாகச் செய்யும். கிளாஸ் பீட் மட்டும் போட்டதில் கோடு குறைவாகத் தெரியும், ஆனால் பிடிமானமும் குறைவு. அந்த மினுமினுப்பு எல்லோருக்கும் பிடிப்பதும் இல்லை. என் கைக்குப் பிடித்தது இரண்டையும் சேர்ப்பது. முதலில் 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடால் முழுமையாகக் கொத்திவிட்டு, அதன்மேல் குறைந்த அழுத்தத்தில் கிளாஸ் பீட் ஒரு முறை. உளி கொத்திய முகத்தைச் சுத்தியல் லேசாகத் தட்டிவிடுகிறது. கூர் நுனிகள் அமுங்கிவிடும், பள்ளங்கள் அப்படியே நிற்கும். சாம்பல் நிறத்தில் ஓர் உயிர் வரும், விரல் தடமும் பாதியாகக் குறையும்.

கிரிட் எண் பெரிதாகப் பெரிதாகத் துகள் சிறியது. 80 என்றால் ஏறக்குறைய 180 மைக்ரான், 120 என்றால் 100 மைக்ரானுக்குச் சற்று மேல், 220 என்றால் 60 மைக்ரான் அளவு. 80-க்குக் கீழே போனால் கத்திப் பிடிக்கு முரடு. பாக்கெட் துணியை அரித்துவிடும். 220-க்கு மேலே போனால் முகம் பட்டுப்போல வரும், ஆனால் நான்கு நாளில் தேய்ந்துவிடும். 120 முதல் 180 வரைக்குள் நில்லுங்கள்.

வேறு துகள்களும் உண்டு. சிலிக்கன் கார்பைடு இன்னும் கடினமானது, வேகமாக அறுக்கும். இந்த வேலைக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. செராமிக் பீட் கண்ணாடியைவிட நீண்ட நாள் உடையாமல் இருக்கும், விலை அதிகம். வால்நட் ஓட்டுத் தூளும் சமையல் சோடாவும் டைட்டானியத்தில் குழி போடாது, அழுக்கெடுக்க மட்டுமே உதவும். கார்னெட்டும் நல்ல துகள்தான், மோஸ் 7-க்கு மேல். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடற்கரைத் தாது மணலில் கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்தே கிடக்கின்றன. இல்மனைட்தான் டைட்டானியத்தின் தாது. கொத்தும் துகளும் கொத்தப்படும் உலோகமும் ஒரே கரை மணலில் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். 2013-இல் தமிழக அரசு அங்கே தாது மணல் எடுப்பதற்குத் தடை போட்டது.

ஆற்று மணல், கடல் மணல், சலித்த எம் சாண்ட் எதையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். சாண்ட் பிளாஸ்டிங் என்ற பெயர் 1870-இல் பெஞ்சமின் டில்க்மன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அப்போது உண்மையிலேயே மணல்தான். மணல் என்பது படிக சிலிக்கா. வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூசாகி நுரையீரலின் அடிவரை போய் வடு போடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மாற்று மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-லேயே மணல் பிளாஸ்டிங்கைத் தடை செய்துவிட்டது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் பீய்ச்சிய இளம் தொழிலாளர்கள் துருக்கியில் அடுத்தடுத்து இந்த நோயில் விழுந்தார்கள். 2009-இல் அந்த நாடு ஜீன்ஸ் வேலையில் அதைத் தடை செய்தது. அவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். ஒரு பிடியின் அழகுக்காக யாருடைய நுரையீரலும் போக வேண்டாம். அலுமினியம் ஆக்சைடிலும் கிளாஸ் பீடிலும் படிக சிலிக்கா ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் மூடிய கேபினட் (கையை உள்ளே விட்டு அடிக்கும் பெட்டி), தூசி உறிஞ்சி, நல்ல முகக்கவசம் மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். துணிக் கைக்குட்டை முகக்கவசம் ஆகாது.

அழுத்தம் பற்றி. சாதாரண உறிஞ்சு வகை கேபினட்டில், அதாவது துப்பாக்கி தானே துகளை இழுத்துக்கொள்ளும் வகையில், அலுமினியம் ஆக்சைடுக்கு 60 முதல் 80 பி.எஸ்.ஐ. போதும். கிளாஸ் பீடுக்கு 40, அதிகம் போனால் 50. அதற்கு மேல் போனால் மணிகள் மோதும்போதே உடைந்து கண்ணாடிச் சில்லாகிவிடும். பிறகு அது சுத்தியல் வேலை செய்யாது, மொட்டை உளி மாதிரி கிறுக்கும். துகளையே காற்றழுத்தத்தில் அடைத்துத் தள்ளும் பிரஷர் பாட் வகை இயந்திரம் என்றால் இந்த எண்களில் பாதியிலிருந்து தொடங்குங்கள். அதே அழுத்தத்தில் அது பல மடங்கு வேகமாக அறுக்கும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் தடுமாறுவது அழுத்தத்தில் அல்ல, காற்றின் அளவில். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு துளையுள்ள நாசில் 80 பி.எஸ்.ஐ.-யில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்றைக் குடிக்கும். இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரசர் அதில் பாதிகூடத் தராது. நாசில் கால் அங்குலமானால் தேவை நான்கு மடங்கு. மானியில் 80 காட்டும், பட்டனை அழுத்தியதும் சரசரவென்று 40-க்கு இறங்கும். வேலையின் நடுவில் அழுத்தம் இறங்கினால் பிடியின் ஒரு பாதி அடர்ந்தும் மறு பாதி வெளிறியும் வரும். சின்ன கம்ப்ரசர்தான் இருக்கிறது என்றால் பத்து விநாடி அடித்து, நிறுத்தி, டேங்க் நிரம்பக் காத்திருந்து மறுபடி அடியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் சீராக வரும். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் துகளைக் கட்டியாக்கி நாசிலை அடைக்கும். நீர் பிரிப்பான் கட்டாயம் வேண்டும்.

பிளாஸ்டிங் பழைய கீறலை மறைத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 120 கிரிட் போடும் குழியின் ஆழம் சில மைக்ரான்தான். நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் அதைவிட ஆழமானது; பிளாஸ்ட் செய்த பிறகும் பள்ளம் பள்ளமாகவே தெரியும், சில சமயம் முன்னைவிடத் தெளிவாக. ஆகவே முதலில் உப்புத்தாள். தட்டையான மரக்கட்டையில் சுற்றி 220, பிறகு 400, ஒரே திசையில். ஓரச் சரிவுகளை உருட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடியின் வடிவமே அந்தச் சரிவில்தான் இருக்கிறது. தேய்த்த தூளை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். நுண்ணிய டைட்டானியம் தூள் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது. சாணைக்கல்லில் பொறி பறக்க வேலை நடக்கும் இடத்தில் அதைக் குவித்து வைக்கக் கூடாது.

இப்போது மிக முக்கியமான பகுதி. உங்கள் கத்தி ஃபிரேம் லாக் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிடி வெறும் பிடி அல்ல, பூட்டும் அதுவே. முழுதாகக் கழற்றாமல் கேபினட்டுக்குள் போடவே கூடாது. கழற்றிய பிறகும் மூன்று இடங்களை மூட வேண்டும். முதலாவது, அலகின் அடிப்பகுதியைத் தாங்கி நிற்கும் லாக் முகம். அந்த இடத்தின் கோணமும் வழவழப்பும்தான் கத்தி விரலில் மடங்காமல் காப்பது. துகள் பட்டால் முகம் மேடுபள்ளமாகும், மேடுகள் சீக்கிரம் தேயும், லாக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்துகொண்டே போகும். இரண்டாவது, மூடிய கத்தியைப் பிடித்து வைக்கும் சின்னக் குண்டு. அதன் மேல்பாகம் சொரசொரத்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் அலகில் வட்டமாகக் கோடு கிழிக்கும். மூன்றாவது, நடு ஆணி உட்காரும் துளையும், வாஷர் படியும் உள்முகமும்.

மூடுவதற்கு விலை உயர்ந்த டேப் தேவையில்லை. காகித மாஸ்கிங் டேப் சில விநாடியில் கிழிந்துவிடும். ரப்பர் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் துகள் அதில் மோதித் துள்ளிவிடுகிறது, செதுக்க முடிவதில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். துளைகளுக்கு சிலிகான் கார்க். சின்ன இடங்களுக்கு இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. உள்முகம் முழுவதையும் மூடிவிடுவதே நல்லது என்று சொல்ல வந்தேன், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு.

தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அடித்தால் தகடு வளையும். ஒவ்வொரு மோதலும் மேல்தோலைக் கொஞ்சம் விரிக்கிறது. அடிபட்ட பக்கம் குவிந்து எழும். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் ஆல்மன் இந்த வளைவையே அளவுகோலாக்கினார். ஷாட் பீனிங், அதாவது சின்ன உருண்டைகளால் உலோகத்தை அடித்து வலுவாக்கும் வேலை, செய்யும் தொழிற்சாலைகள் இன்றும் அவர் பெயர் கொண்ட மெல்லிய எஃகுப் பட்டையை அடித்துப் பார்த்து, அது எவ்வளவு வளைந்தது என்பதை வைத்துத்தான் அடியின் வலுவைச் சொல்கின்றன. நான்கு மில்லிமீட்டர் தடிமனான பிடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபிரேம் லாக்கில் தகடு வளைவதற்காக உள்ளே குடைந்து மெலிதாக்கிய ஓர் இடம் இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அங்கே ஒரு பக்கமாக நின்று அடித்தால் லாக்கின் இறுக்கம் மாறிவிடும். அந்த இடத்தை விரைவாகக் கடந்து செல்லுங்கள், குறைந்த அழுத்தத்தில். லைனர் லாக் வைத்திருப்பவர்கள் மெல்லிய உள்தகட்டை அடிப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக அடியுங்கள்.

பட்டறையில் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு, சொந்த கேபினட் இல்லாத நாளில், வார்ப்பிரும்புக்கு ஷாட் பிளாஸ்டிங் செய்யும் ஓரிடத்தில் ஒரு ஜோடிப் பிடியைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முடித்துத் தந்தார்கள், பார்க்க அருமையாக இருந்தது. மழைக்காலம் வந்ததும் பிடி முழுக்க ஊசிமுனை அளவில் துருப் புள்ளிகள். டைட்டானியம் துருப்பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. துருப்பிடித்தது டைட்டானியம் அல்ல, அதற்குள் புதைந்திருந்த இரும்பு. நாளெல்லாம் இரும்பில் அடித்து எடுத்த அதே துகளை என் பிடியிலும் அடித்திருக்கிறார்கள். துகளோடு கலந்திருந்த இரும்புத் தூள் டைட்டானியத்தின் குழிகளில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது.

எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தைச் சுடுநீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தேன். டைட்டானியத்தை அது ஒன்றும் செய்யாது, இரும்பைக் கரைக்கும். மேலே இருந்தது போனது, ஆழத்தில் இருந்தது போகவில்லை. கடைசியில் உப்புத்தாளில் தேய்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். எனவே பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் துகள் இதற்கு முன் எதில் ஓடியது? புதுத் துகள் என்றால் சரி. ஸ்டீல் ஷாட், ஸ்டீல் கிரிட் என்ற பெயர் காதில் விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீங்களே இரண்டு கிலோ புது அலுமினியம் ஆக்சைடு வாங்கிக்கொண்டு போய், கேபினட்டைக் கூட்டித் துடைத்த பிறகு அதை மட்டும் போட்டு அடிக்கச் சொன்னால் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் மறுப்பதில்லை. அவர்கள் வேலை அவர்களுக்குத் தெரியும். டைட்டானியம் அவர்கள் கைக்கு அதிகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, துகளும்கூடக் கொஞ்சம் உள்ளே பதிந்து நிற்கும். அது துருப்பிடிக்காது, கத்திக்குத் தொந்தரவு இல்லை. பல் மருத்துவத்தில் டைட்டானியம் இம்ப்ளான்ட்டை எலும்பு இறுகப் பற்றிக்கொள்ள, பெரிய அலுமினா துகளால் கொத்தி, பிறகு அமிலத்தில் அரித்தெடுக்கும் ஒரு முறை பிரபலம். பதிந்து நிற்கும் துகளைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர்கள் அவர்கள்தான். நமக்கு அந்த அளவு சுத்தம் வேண்டியதில்லை.

அடிக்கும்போது கை நிற்கக் கூடாது. நாசில் 12 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி, சாய்வாக 60 பாகை அளவில். பட்டனைப் பிடிக்கு வெளியே அழுத்துங்கள், பிடியைக் கடந்து வெளியே போன பிறகே விடுங்கள். முகத்தின் மேலேயே தொடங்கினால் அந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மாதிரி நிற்கும். முதலில் நீளவாக்கில் ஒரு சுற்று, அடுத்து குறுக்கே. இரண்டு பக்கப் பிடிகளையும் ஒரே உட்காரலில் முடியுங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று செய்தால் அதற்குள் துகள் தேய்ந்திருக்கும், நிறம் ஒத்துவராது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எங்கும் உப்புத்தாள் கோடு தெரியாத வரை அடியுங்கள். பிடிக்கு முன் ஒரு துண்டு டைட்டானியத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள். பாக்கெட் கிளிப் டைட்டானியமாக இருந்தால் அதன் உள்பக்கமே போதும்.

முடிந்ததும் முகம் புது வெள்ளைத் தாள் மாதிரி. வெறுங்கையால் தொட்டால் முதல் விரல் ரேகை அப்படியே பதியும். கையுறை போட்டு எடுத்து, காற்றால் ஊதி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, துளைகளுக்குள் ஒரு துகள்கூட மீதி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடு ஆணியில் ஓர் அலுமினா துகள் மாட்டினால் வாஷரை அது அரைத்துக்கொண்டே இருக்கும்.

நிறம் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு நேரம் இதுதான். டைட்டானியத்துக்குச் சாயம் தேவையில்லை. மின்சாரம் கடத்தும் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் கொடுத்தால் மேலே இருக்கும் ஆக்சைடு படலம் தடிக்கும். அதன் தடிமனைப் பொறுத்து, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் காட்டும் நிறங்கள் மாதிரி, ஒவ்வொரு வோல்டுக்கும் ஒரு நிறம். 30 வோல்ட் பக்கம் நீலம், 55, 60-இல் மஞ்சள், 100-ஐ நெருங்கினால் பச்சை. நீலப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மெருகேற்றிய டைட்டானியத்தில் இந்த நிறங்கள் மயில் கழுத்து மாதிரி ஜொலிக்கும். பிளாஸ்ட் செய்ததில் அடங்கி, பழைய ஜீன்ஸ் துணியின் நீலம் மாதிரி வரும். எனக்கு இந்த அடங்கிய நிறம்தான் பிடிக்கும். தேயும்போதும் மேட்டில் மட்டும் தேய்ந்து, பள்ளத்தில் நிறம் தங்கிவிடுகிறது. உங்கள் பிடியில் ஏற்கெனவே நிறம் இருந்தால், பிளாஸ்டிங்கின் முதல் விநாடியிலேயே அது போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிறம் பளிச்சென்று வருவதற்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஒரு முறை முக்கி எடுக்கச் சொல்லும் குறிப்புகளை நீங்கள் பார்க்கக்கூடும். வேண்டாம். அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமல்கூட இருக்கும், உள்ளே இறங்கி எலும்பு வரை போய், ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டிவிடும். சிறு அளவிலேயே உயிர் போயிருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளே அல்ல.

இவ்வளவும் செய்து பிடியைப் பழைய மாதிரி ஆக்கினாலும், அதே சாவிக்கொத்தோடு போட்டால் அடுத்த இரண்டு வாரத்தில் அதே கோடுகள் வரும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது: பிளாஸ்ட் செய்த பிறகு உருட்டிவிடுங்கள். அதிர்வு டம்ளரில் செராமிக் கற்கள், தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு போட்டுப் பிடியை ஓடவிட்டால், கற்கள் மேடுகளின் நுனியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்க்கும். பல மாதம் பாக்கெட்டில் நடக்க வேண்டிய தேய்மானம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு விழும் கோடு ஏற்கெனவே இருக்கும் ஆயிரம் கோட்டில் ஒன்றாகக் கலந்துபோகும். ஸ்டோன்வாஷ் என்று கடைகளில் சொல்வது இதற்குப் பக்கத்துச் சொந்தம். அடியில் பிளாஸ்ட் இருந்தால் பிடிமானம் கூடும். டம்ளர் இல்லாதவர்கள் வாயகன்ற பிளாஸ்டிக் ஜாடியில் கூழாங்கல்லும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் கையால் குலுக்குகிறார்கள். கை வலிக்கும், ஆனால் வருகிறது. உருட்டும்போதும் லாக் முகத்தை ரப்பரால் மூடியே வையுங்கள்.

இதெல்லாம் பெரிய வேலையாகத் தோன்றினால், கத்தி செய்தவர்களுக்கே எழுதிப் பாருங்கள். கிறிஸ் ரீவ் பட்டறை உட்பட சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பிடியை மறுபடி பிளாஸ்ட் செய்து கொடுக்கிறார்கள். நீங்களே கழற்றி அடித்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும், அதையும் படித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது அலகைத் திறந்து மூடி லாக் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். கழற்றுவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. முன்பு இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது. மூடும்போது லாக் ஒட்டிக்கொண்டு விடுபட மறுத்தால், லாக் முகத்தில் பென்சில் முனையால் நாலு கோடு போடுங்கள், கிராஃபைட் அதைச் சரிசெய்யும். முன்பைவிட உள்ளே தள்ளிப்போய் நின்றால், அல்லது அலகின் முதுகை மரத்தில் லேசாக அழுத்தும்போது லாக் நழுவினால், அந்தக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். லாக் முகத்தின் படத்தோடு எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.